எழுதுவது யாருக்கு? புதிய வலைப்பதிவரின் நோக்கமும் வாசகரும்

வலைப்பதிவு தொடங்க நினைப்பவர் நாலு பேரிடம் யோசனை கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "மனசுக்குப் பட்டதை எழுதுங்க, ஆள் தானா வரும்" என்பது ஒன்று. "கூகுள்ல எதை அதிகம் தேடுறாங்களோ அதை எழுதுங்க" என்பது இன்னொன்று. முதல் யோசனையைக் கேட்டவர் சில மாதம் கழித்து, மச்சானையும் இரண்டு நண்பர்களையும் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று சோர்ந்துபோகிறார். இரண்டாவதைக் கேட்டவர் தங்கம் விலை, ராசிபலன், ரேஷன் கார்டு அறிவிப்பு என்று எழுதித் தள்ளி, எதற்காக ஆரம்பித்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்.

முதல் யோசனையில் எழுதுபவர் மட்டும் இருக்கிறார். இரண்டாவதில் ஒரு கூட்டம் இருக்கிறது. படிக்கப்போகும் அந்த ஓர் ஆள் இரண்டிலும் இல்லை. "என் நோக்கம் என்ன", "என் வாசகர் யார்" என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பதையும், அதற்குப் பதில் கிடைத்தால் எழுத்தில் என்னென்ன மாறும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

மூன்று சொற்கள்

1. விஷயம்: எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது. சமையல், நிலம், கிரிக்கெட், பங்குச்சந்தை எல்லாம் விஷயங்கள்.

2. நோக்கம்: படித்து முடித்தவருக்கு என்ன ஆக வேண்டும் என்பது. ஒரு வேலையை முடிக்கத் தெரிய வேண்டுமா, ஒரு சர்ச்சையில் தெளிவு வர வேண்டுமா, ஒரு கவிதையை இன்னொரு முறை படிக்கத் தோன்ற வேண்டுமா?

3. வாசகர்: அது யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர். வயது, பாலினம், ஊர், வருமானம் என்று விளம்பரக்காரர்கள் போடும் பட்டியல் இங்கே அவ்வளவாக உதவாது. அவருக்கு என்ன இக்கட்டு, இதுவரை என்ன செய்து பார்த்தார், எந்த இடத்தில் நின்றுபோனார் என்பதை வைத்துத்தான் அவரை அடையாளம் காண முடியும்.

பலர் நோக்கத்தை முதலில் தேடிப் பிடித்துவிட்டு, பிறகு அதற்கு ஆள் சேர்க்கக் கிளம்புகிறார்கள். அப்படிப் பிரித்தால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும்: "இன்னார் இதைப் படித்தால் இன்னதைச் செய்ய முடியும், அல்லது இன்னது விளங்கும்." இந்த வாக்கியத்தை எழுத வரவில்லை என்றால் கையில் இருப்பது விஷயம் மட்டும்தான்.

அச்சிதழ்கள் போட்ட கணக்கு

இது இணையம் வந்த பிறகு முளைத்த சிக்கல் இல்லை. தமிழ் இதழ்கள் நூறாண்டுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. இரண்டு எதிர்முனைகளை எடுத்துக்கொள்வோம்.

சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பரில் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் (இன்றைய தினத்தந்தி) தொடங்கினார். லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். அவர் நினைத்திருந்தால் படித்தவர்களுக்கான நாளிதழை நடத்தியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது எழுத்துக் கூட்டிப் படிப்பவரை. 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம்தான். ஆக, நாளிதழ் வாங்கும் பழக்கமே இல்லாதவர்களை வாசகராக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் வரிசையாக வந்தது: சின்ன வாக்கியம், பேச்சுக்கு நெருக்கமான சொல், பெரிய எழுத்தில் தலைப்பு, படம், 1960 முதல் கன்னித்தீவு படக்கதை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஆகவே காதில் விழுந்தவுடன் புரியாத வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. நிருபர்கள் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஆதித்தனார் தனியாக ஒரு கையேடே எழுதிவைத்தார். அதில் உள்ளது நடை பற்றிய ரசனையைவிட வாசகர் பற்றிய கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுமுனையில் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' இதழைக் கொண்டுவந்தார். இலக்கிய விமர்சனமும் புதுக்கவிதையும் அதன் உயிர். அன்றைய வார இதழ்கள் லட்சக்கணக்கில் வாசகர்களை எட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது மிகச் சிறிய வட்டத்துக்கான இதழ். விற்பனையை வைத்துப் பார்த்தால் தோல்வி என்றே எழுதிவிடலாம். ஆனால் அந்த இதழைப் படித்தவர்கள் யார்? திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். வட இந்தியாவில் அரசு வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் எழுதினார். ந. பிச்சமூர்த்தியும் சி. மணியும் எழுதினார்கள். வாசகராக வந்தவர்களில் பலர் எழுத்தாளராக மாறி, 1970-இல் இதழ் நின்றுபோவதற்குள் தமிழில் புதுக்கவிதைக்கு ஓர் இடம் பிடித்துக்கொடுத்துவிட்டார்கள். தந்திக்குத் தேவைப்பட்டவர் செல்லப்பாவுக்குத் தேவைப்படவில்லை. செல்லப்பாவின் ஆள் தந்திக்கு ஒரு பொருட்டில்லை. இருவரும் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

1947-இல் வந்த அம்புலிமாமா இன்னொரு நுணுக்கத்தைக் காட்டுகிறது. படிப்பது குழந்தை, காசு கொடுப்பது அப்பா. விக்கிரமாதித்தன்–வேதாளம் கதையில் குழந்தைக்குச் சுவாரசியமும் இருக்க வேண்டும், பெற்றோர் முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும். வலையிலும் இது நடக்கிறது. முதியோர் ஓய்வூதியம் பற்றிய கட்டுரையைத் தேடிப் படிப்பவர் மகள்; பயன்படுத்தப்போவது அம்மா. "நீங்கள் விண்ணப்பிக்கும்போது" என்று எழுதுவதா, "உங்கள் அம்மாவை அழைத்துச் செல்லும்போது" என்று எழுதுவதா என்பதை இது தீர்மானிக்கும்.

தமிழ் வலைப்பதிவில் நடந்தது

2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தலைகாட்டத் தொடங்கின. தளத்துக்கு ஓர் எழுத்துரு என்ற சண்டை ஓய்ந்து, எல்லாக் கணினியிலும் தமிழைக் காட்டும் யூனிகோடு முறை பரவிவந்த நேரம் அது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, புதிதாக எழுதப்பட்ட இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டியது. அதுவரை ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தவர்கள் ஒரே இடத்தில் கூடினார்கள்.

பலன் என்னவென்றால், எழுதுபவர் வாசகரைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இடுகை போட்ட அரை மணியில் பின்னூட்டம் வரும். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் சக பதிவர்கள். ஒருவர் எழுத, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் அதைக் கிண்டல் செய்ய, ஒரு பெரிய திண்ணைப் பேச்சு நடந்தது. அதிலிருந்து நல்ல எழுத்தாளர்களும் வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. கூடவே ஒரு மயக்கமும் வந்தது. திரட்டிக்கு வாய்த்த கூட்டத்தைத் தன் கூட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பேச்சு ஃபேஸ்புக்குக்கு இடம் மாறியது. பல பதிவுகளின் புது இடுகைகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. தனக்கென்று வாசகர் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மற்ற பதிவுகளில் கடைசி இடுகை, "இனி அடிக்கடி எழுதுவேன்" என்ற உறுதிமொழியோடு இன்றும் அப்படியே கிடக்கிறது.

2018-இல் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழுக்கு வந்தது. இப்போது நோக்கம் பணம். விளம்பர வருமானம் வருகையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை வேண்டுமானால் எல்லோரும் தேடுவதை எழுத வேண்டும். எல்லோரும் தேடுவதை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். புதியவர் அந்த வரிசையில் ஆயிரத்தோராவது ஆளாகப் போய் நிற்கிறார். தமிழ் வலைத்தளங்களில் ஒரே செய்தி வார்த்தை மாறாமல் பத்து இடத்தில் கிடைப்பதன் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம்: நிலம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இது விளங்காது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுத வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நில ஆவணங்கள் பற்றி எழுதப்போகிறேன்" என்கிறார். விஷயம் இருக்கிறது. பட்டா என்றால் என்ன, சிட்டா என்றால் என்ன, அடங்கல் என்றால் என்ன என்று மூன்று கட்டுரை எழுதுகிறார். தகவல் எல்லாம் சரி. யாரும் படிப்பதில்லை. காரணம், "அடங்கல் என்றால் என்ன" என்ற சந்தேகத்தோடு காலையில் எழுந்திருப்பவர் யாரும் இல்லை.

இப்போது ஆளைத் தேடுவோம். அவர் வேலை பார்த்த தாலுகா அலுவலகத்துக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால் வாசகர்கள் வரிசையில் நிற்பார்கள்.

1. தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் பேரன். திருப்பூரிலோ துபாயிலோ வேலை. அப்பா காலமாகிவிட்டார். ஊரில் சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும் நாலு நாளில் வேலையை முடிக்க வேண்டும்.

2. முதன்முதலாக மனை வாங்கப்போகும் தம்பதி. முன்பணம் கொடுக்கத் தரகர் அவசரப்படுத்துகிறார்.

3. 1980களில் நடந்த யு.டி.ஆர். நில அளவைப் பதிவில் பெயரோ பரப்போ தவறாக ஏறிவிட்ட விவசாயி.

மூவருக்கும் வேண்டியது அதே ஆவணங்கள்தான். கட்டுரை மட்டும் வேறு. முதலாமவருக்கு இரண்டு தலைமுறையின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று தொடங்க வேண்டும். சித்தப்பா ஒத்துக்கொண்டால் கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு உட்பிரிவு செய்வதா என்று விளக்க வேண்டும். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளந்தாக வேண்டும், நாலு நாளில் நடக்காது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். எதை ஊருக்கு வராமலே அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் செய்யலாம், எதற்கு நேரில் வர வேண்டும் என்ற பிரிப்பு அவருக்குப் பொன் மாதிரி.

அவருக்கு அடுத்து வரும் சந்தேகம் சட்டம் பற்றியது: "அத்தைகளுக்கும் பங்கு உண்டா?" இந்துக் குடும்பம் என்றால், இங்கேதான் பழைய வருவாய்த் துறைக்காரரின் ஆழம் வெளிப்படும். தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அது அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. சொத்து தாத்தா சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா என்பதைப் பொறுத்து கணக்கே மாறும். இத்தனையும் பேரனுக்குத் தேவை. மனை வாங்கும் தம்பதிக்கு இதில் ஒரு வரி போதும்: "விற்பவரின் சகோதரிகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள்." மீதி இடத்தை வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம் எடுத்துக்கொள்ளும்.

"தமிழர்கள் எல்லோரும் என் வாசகர்கள்" என்று சொல்வதும் இங்கே பலிக்காது. யாழ்ப்பாணத்து வாசகருக்குப் பட்டா சிட்டாவால் ஒரு பயனும் இல்லை. அங்கே பேச்சு காணி (நிலம்), உறுதி (பத்திரம்) என்று போகும். சொத்துரிமையில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை குறுக்கே வரும். மொழி ஒன்று என்பதால் வாசகர் ஒன்றாகிவிட மாட்டார்.

வாசகர் முடிவானால் தானாக முடிவாகிறவை

1. தலைப்பு. "பட்டா மாறுதல்: ஒரு பார்வை" என்பது எழுதுபவரின் தலைப்பு. "தாத்தா பெயரில் உள்ள பட்டாவைப் பேரன் பெயருக்கு மாற்றுவது எப்படி" என்பது வாசகர் தேடலில் தட்டும் வாக்கியம். அதையும் பலர் ஆங்கில எழுத்துகளில் தமிழாகத் தட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

2. சொல். 'புலப்படம்' என்று மட்டும் எழுதினால் பேரன் விழிப்பார். அலுவலகத்தில் அவர் காதில் விழுந்தது 'எஃப்.எம்.பி.' இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிட்டு, அவருக்குப் பழகியதைத் தொடரலாம்.

3. விடுவது. எழுதத் தெரிந்ததில் பெரும்பகுதியை விட வேண்டிவரும். இதுதான் வலிக்கும். ஜமீன் ஒழிப்பின் வரலாறு எவ்வளவு சுவாரசியமானாலும் அந்தக் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை.

4. அடுத்த கட்டுரை. ஒரு வாசகரின் சிக்கலைப் பின்தொடர்ந்தால் "அடுத்து என்ன எழுதுவது" என்ற திண்டாட்டம் வராது. பட்டாவுக்குப் பின் உட்பிரிவு, அதற்குப் பின் மேல்முறையீடு என்று அவரே வழிகாட்டுவார்.

வாசகர் எந்த வழியில் வருகிறார்

ஒரே கட்டுரையைப் படிப்பவர்கள் மூன்று வழியில் வருகிறார்கள். தேடி வருபவருக்கு இக்கட்டு இருக்கிறது, பொறுமை இல்லை. எழுதியவர் பெயரைக் கவனிக்கவும் மாட்டார். வாட்ஸப்பில் வந்த இணைப்பைத் தட்டி வருபவருக்கு இக்கட்டு இல்லை, அனுப்பியவர் மேல் மரியாதை இருக்கிறது. நாலு பேருக்கு அனுப்பத் தக்க ஒரு பத்தி கிடைத்தால் அனுப்புவார். மூன்றாமவர் பழக்கத்தால் வருபவர். மின்னஞ்சல் சந்தாவோ, புக்மார்க்கோ, "அவர் இந்த வாரம் என்ன எழுதியிருக்கிறார்" என்ற ஆவலோ அவரைக் கொண்டுவரும்.

விளக்கம் எழுதுபவர் முதலாமவரை நம்பலாம். கவிதையும் விமர்சனமும் நினைவுக்குறிப்பும் எழுதுபவருக்கு மூன்றாமவர்தான் கதி. "நாஞ்சில் நாட்டு மழைக்காலம் பற்றி உருக்கமாக ஒன்று படிக்க வேண்டும்" என்று யாரும் கூகுளில் தட்டுவதில்லை. இவ்வகை எழுத்தாளர்கள் தேடல் வருகையை வைத்துத் தங்களை அளந்து சோர்வதைப் பார்த்தால், தப்பான தராசில் ஏறி நிற்கிறார்களே என்று தோன்றுகிறது. அவர்களுக்குச் செல்லப்பாவின் வழிதான் பொருந்தும்: குறைந்த ஆட்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள், பதிலுக்கு எழுதுபவர்கள்.

சரியான ஆள்தானா என்று எப்படித் தெரியும்

தொடக்க மாதங்களின் வருகைக் கணக்கு பெரும்பாலும் சொந்தபந்தம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை வேறு.

1. கூகுளின் சர்ச் கன்சோல் கருவி, எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை இலவசமாகவே காட்டும். நீங்கள் பேரனுக்கு எழுதியிருக்க, வந்தவர்கள் "வாரிசுச் சான்றிதழ் நிராகரிப்பு" என்று தேடியிருந்தால் உங்கள் வாசகர் நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே தவிக்கிறார்.

2. வருகிற கேள்வி. "அருமை, வாழ்த்துகள்" என்று எழுதுபவர் நண்பர். "எங்க அப்பா ரெண்டு கல்யாணம் பண்ணவர், அப்ப என்ன செய்யணும்?" என்று கேட்பவர் வாசகர். ஒரு நல்ல கேள்விக்கு நூறு வாழ்த்து ஈடாகாது.

3. வராத கேள்வி. பல கட்டுரைக்குப் பிறகும் யாரும் எதையும் கேட்கவில்லை என்றால் எழுத்து மோசம் என்று பொருளில்லை. பெரும்பாலும் அந்த இக்கட்டில் யாருமே இல்லை, அல்லது அந்த இக்கட்டுக்கு இணையத்தில் பதில் தேடும் வழக்கம் இல்லை. மேட்டூர் அணை நீர்மட்டம் டெல்டா விவசாயிக்கு உயிர்நாடி. ஆனால் அவர் அதைச் செய்தியிலும் வாட்ஸப்பிலும் தெரிந்துகொண்டுவிடுகிறார்.

பணம் நோக்கமாக இருக்கலாமா? தாராளமாக. ஆனால் அது எழுதுபவரின் நோக்கம். வாசகருக்கான நோக்கம் அதற்கு மேல் தனியாக இருந்தாக வேண்டும். பேரனை விளம்பரத்துக்குத் தின்னக் கொடுத்தால் சொற்பக் காசுதான் தேறும். அவரைப் போன்ற ஐம்பது பேர் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்டால் ஓய்வுபெற்ற அந்த அலுவலருக்கு அதைவிட நல்ல வருமானம். எண்ணிக்கை குறைந்த வாசகர் வட்டத்துக்கு விளம்பரத்தைவிட நேரடிச் சேவையோ சந்தாவோ ஒத்துவருகிறது என்பது என் கணிப்பு.

இக்கட்டு தீர்ந்த பேரன் மறுபடி வர மாட்டார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவரைப் போல இன்னொருவர் தேடி வருவார். கவலைப்பட வேண்டியது கட்டுரையின் வயதைப் பற்றி. விண்ணப்பிக்கும் தளம் மாறும், கட்டணம் மாறும், கேட்கும் ஆவணப் பட்டியல் நீளும். பழைய வழிமுறையை நம்பி ஒருவர் லீவு போட்டுத் தாலுகா அலுவலகம் வரை போய்த் திரும்பினால் அந்த நாள் வீண். ஆகவே கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் கட்டுரையின் தலையிலேயே போட்டுவிடுவது நல்லது. புதிதாக எழுதும் நேரத்தில் ஒரு பங்கைப் பழையதைத் திருத்துவதற்கு ஒதுக்க முடியாதவர், நடைமுறை விளக்கங்களை விட்டுவிட்டு வேறு வகை எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.